மேசையைக் காலி செய்த டீச்சர்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பாடத்தில் புத்தி நிற்காது. ஜப்பானில் யமகாதா மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர் அது; பள்ளி மூன்று வருஷ நடுநிலைப் பள்ளி. முற்றத்தில் ஆளுயரத்துக்குக் குவித்து வைத்த பனி, அழுக்குப் பஞ்சு மாதிரி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வரும். கூரையிலிருந்து பொழுதுக்கும் தண்ணீர் சொட்டும். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர்கள் தலைமை ஆசிரியர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாற்றல் காலம் அது. யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பதைத் தலைமை ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதோடு சொல்வார். கேட்டுவிட்டு வெளியே வருகிறவர் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. பத்திரிகையில் பட்டியல் வருகிற நாள் வரை, அந்த வருஷம் அது இருபத்து நான்காம் தேதி, போகிறவரும் மூச்சு விடக்கூடாது, இருக்கிறவரும் மூச்சு விடக்கூடாது.

இருக்கிறவருக்கு என்ன கேடு, சொன்னால் என்ன என்று தோன்றும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவருக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் நச்சரித்ததில், "நான் எங்கயும் போகலடா, ஆளை விடுங்க" என்று சொல்லித் தொலைத்தார். பிள்ளைகள் நேரே அடுத்த ஆசிரியரிடம் போய், "அவர் சொல்லிட்டாரே, நீங்க மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில், போகிற நான்கு பேர் யார் யார் என்று தபால்காரர் வரை தெரிந்துவிட்டது. மேலிடத்திலிருந்து வந்த திட்டைத் தலைமை ஆசிரியர் அன்ஸாய் இன்றுவரை மறக்கவில்லை.

தோகாஷி மிச்சியோவுக்கு நாற்பத்தாறு வயது. அங்கே இங்கிலீஷ் டீச்சராக ஏழு வருஷம் ஓட்டிவிட்டாள். ஏழு வருஷம் ஒரே இடத்தில் விட்டு வைத்ததே அதிகம். இந்தத் தடவை அவள் போவது நிச்சயம் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள், ஆனால் மனசு கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு இரண்டாம் பிரிவு அவளுடைய வகுப்பு, இருபத்தேழு பிள்ளைகள். சீருடை தொளதொளக்க முதலாம் ஆண்டில் வந்து நின்ற நாளிலிருந்து அவள்தான் அவர்களுக்கு வகுப்பாசிரியை. இன்னும் ஒரே வருஷம். மூன்றாம் ஆண்டையும் முடித்துவைத்து, விடைகொடுக்கும் விழாவில் இருபத்தேழு பெயரையும் தன் வாயால் கூப்பிட்டு அனுப்பிவிட்டால், அப்புறம் எந்த மூலைக்கு மாற்றினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இப்போது கிளப்புவது, பாயசம் வருவதற்குள் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவது மாதிரி.

ஐந்தாம் தேதி மூன்றாவது பாடவேளையில் அன்ஸாய் அவளைக் கூப்பிட்டார். ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரு வருஷம் இருங்க டீச்சர். அந்தப் பசங்களை நீங்களே கரை சேத்துடுங்க."

மிச்சியோ தலை குனிந்து குனிந்து வணங்கினாள்.

"சந்தோஷத்தையெல்லாம் உள்ளயே வெச்சுக்கங்க. இந்த முகத்தோட வெளிய போனீங்கன்னா வாசல்லயே எல்லாம் அம்பலமாயிடும்."

"எந்த முகத்தோட சார் போகணும்?"

"தினம் ஒரு முகம் வெச்சிருப்பீங்களே, அது."

மிச்சியோ தன் வழக்கமான கடுகடுப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டாள். "ஆங், அதேதான்" என்றார் அன்ஸாய்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில், சாலையோரப் பனியைக் கீறிக்கொண்டு ஃபுகி மொட்டுகள் தலைநீட்டியிருந்தன. வருஷத்தின் முதல் கசப்புக் கீரை. காரை நிறுத்தி இறங்கி, கை விறைக்க விறைக்கப் பறித்து வந்து, மாவில் தோய்த்துப் பொரித்தாள். விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் தகெஓ தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"போறியா, இருக்கியான்னு நான் கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க. சொல்லவும் மாட்டேன்."

"கேக்கலைம்மா. ஆனா, மாத்தல் வாங்கினவ எவளும் மூணு தட்டு பொரிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

வீட்டில் பொரித்துத் தின்றாயிற்று. பள்ளியில் இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? சிரிக்கவும் கூடாது, பாடவும் கூடாது. மாதக் கடைசியில் ஆசிரியர் அறையில் எல்லா மேசைகளும் இடம் மாறும். மூன்றாம் ஆண்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஜன்னல் பக்கத்து வரிசைக்குப் போவார்கள். அதை நினைத்துப் பத்தாம் தேதியே மிச்சியோ தன் மேசையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த பெரிய பிசகு. ஏழு வருஷத்துக் காகிதங்களை மூன்று அட்டைப்பெட்டிகளில் அடுக்கினாள். இழுப்பறைகளைத் துடைத்தாள். தேநீர்க் கோப்பையைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, வகுப்பு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஹொனாமி வந்து நின்றாள்.

செர்ரித் தோட்டக்காரர் கன்னோவின் மகள் ஹொனாமி, மிச்சியோவின் வகுப்புப் பிள்ளை. ஒல்லிப் பெண், கழுகுக் கண். காலி மேசையைப் பார்த்தாள். பெட்டிகளை எண்ணினாள். கோப்பையில் வந்து அவள் கண் நின்றது.

"எல்லாத்தையும் கட்டறீங்களா டீச்சர்?"

"குப்பை சேந்துபோச்சு."

"கப்பு குப்பையா?"

மிச்சியோவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழகியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். "நோட்டை வெச்சுட்டுப் போ" என்று அதட்டினாள். ஹொனாமி வைத்தாள், போனாள். கதவருகே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மாற்றல் காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் துப்பறிகிறவர்கள். எந்த டீச்சரின் பூந்தொட்டி காணவில்லை, யார் பள்ளிக்குள் போடும் செருப்பை வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று கணக்கு வைத்திருப்பார்கள். காலி மேசை அவர்களுக்குக் கைநாட்டு வைத்த வாக்குமூலம். சாயங்காலத்துக்குள் இருபத்தேழு வீடுகளில் மிச்சியோ மாற்றலாகிப் போய்விட்டாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, அன்றைக்குப் பரிமாறும் முறை வந்த பையன் அவள் கிண்ணத்தில் பன்றிக்கறி சூப்பை இரண்டு கரண்டி ஊற்றினான். மேலே இன்னொரு கரண்டி.

"எதுக்குடா இவ்வளவு?"

"சாப்பிடுங்க டீச்சர். அங்க எப்படிப் போடுவாங்களோ."

"எங்க?"

பையன் திருதிருவென்று விழித்தான். "எங்கயும் இல்ல."

வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. வீட்டுப்பாடத்தை இருபத்தேழு பேரும் முடித்திருந்தார்கள். அந்த வகுப்பின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே கிடையாது. என்ன வந்தது இவர்களுக்கு என்று மிச்சியோ நினைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக் கணக்கு வாத்தியார் குசகாதான் மெல்ல வந்து விஷயத்தை உடைத்தார். "உங்க பசங்க பியானோ வாசிக்க ஆள் தேடறாங்க. பிரிவுப் பாட்டாம்."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இந்த வதந்தியை இரண்டு வருஷம் முன்னாலேயே கிளப்பிவிட்டிருக்கலாம் என்றும் தோன்றியது. சொல்லாமல் சொல்லிப் பார்த்தாள். "ஏப்ரல் மாசம் நாம எல்லாரும் மறுபடி பாக்கறப்போ..." என்று ஆரம்பித்தாள். முன்வரிசைப் பெண் ஓவென்று அழுதுவிட்டாள். "நம்மளைத் தேத்தறாங்கடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மிச்சியோ அன்ஸாயிடம் ஓடினாள்.

"சார், பசங்க தப்பா நெனச்சுட்டாங்க."

"நெனக்கட்டும்."

"அழறாங்க சார்."

"அழட்டும். இருபத்து நாலாம் தேதி சிரிப்பாங்க."

அழுகையோடு போயிருந்தால் அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏழு வருஷமாகக் கடுகடு டீச்சர் என்று பெயர் எடுத்தவளுக்கு, தான் போனால் அழுவதற்கும் ஆள் உண்டு என்று தெரிந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரித்தானே இருக்கும். ஆனால் பதினாறாம் தேதி, பிள்ளைகள் வகுப்பறையைப் பெருக்கித் துடைத்தான பிறகு, ஹொனாமி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எழுதாத வெற்றுப் படிவம்.

வருஷா வருஷம் செப்டம்பரில் வட்டார ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடக்கும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும், பள்ளிக்கு ஒருவர். பெயர் கொடுக்கப் பள்ளி வருஷத்தின் கடைசி நாளான பதினெட்டாம் தேதிதான் கெடு. பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவோ அம்மாவோ சம்மதம் என்று தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். முதலாம் ஆண்டில் ஹொனாமியைப் படிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பாள். வீட்டிலும் தோழிகளிடமும் வாயாடி, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் ஊமை. மிச்சியோ அவளை ஒன்றரை வருஷமாக, சுத்தம் செய்யும் நேரம் முடிந்ததும் தினமும் பத்து நிமிஷம் நிறுத்திவைத்துப் படிக்க வைத்தாள். இப்போது அந்தப் பெண் படித்தால் தாழ்வாரத்தில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். இந்தப் போட்டியை மனசில் வைத்துத்தான் மிச்சியோ இன்னும் ஒரு வருஷத்துக்கு ஏங்கியிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"என்ன இது? வெறும் தாளா இருக்கு."

"நான் பேர் குடுக்கலை டீச்சர்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்கே தெரியும்." ஹொனாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புதுசா வர்றவங்க யாரோ. அவங்க முன்னாடி நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க இருந்தீங்க, பேசினேன். அவ்வளவுதான்."

மிச்சியோவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'நான் எங்கேயும் போகவில்லை.' மூன்றே வார்த்தை. அறையில் இரண்டே பேர். கதவும் சாத்தியிருந்தது. சொன்னால் இந்த நிமிஷமே கையெழுத்து விழும். சொல்லாவிட்டால் பதினெட்டாம் தேதி போய்விடும், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை கிடையாது. விதியாவது மண்ணாவது என்று அவள் வாயைத் திறந்தேவிட்டாள்.

திறந்த வாய் வேறு எதையோ சொன்னது. 'நீங்க இருந்தீங்க, பேசினேன்' என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

"அப்போ, நான் இருந்தாத்தான் உனக்குப் பேச்சு வரும். நான் இல்லேன்னா உன் வாய்க்குப் பூட்டு. அப்படித்தானே?"

ஹொனாமி நிமிர்ந்தாள்.

"அப்படின்னா இந்த ஒன்றரை வருஷமா உனக்கு நான் ஒரு மண்ணும் சொல்லிக் குடுக்கலை. என்கிட்ட மட்டும் பேசறதுக்கு எதுக்கு இங்கிலீஷ்? நம்ம பாஷையிலயே பேசிட்டுப் போயிருக்கலாமே."

"நீங்க சுலபமா சொல்லிட்டுப் போயிடுவீங்க!"

"சுலபமாத்தான் சொல்வேன். மேடையில நிக்கப் போறது நானா, நீயா? நான் கீழ உக்காந்திருந்தா மட்டும் உனக்குப் பதிலாப் பேசவா முடியும்?"

"கல்நெஞ்சு!" என்றாள் ஹொனாமி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஜப்பானில் எந்தப் பிள்ளையும் டீச்சரைப் பார்த்து அப்படிச் சொல்லாது. படிவத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

கிழிக்கப் பிடுங்கினாளா, எழுதப் பிடுங்கினாளா? மிச்சியோவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொல்லியிருக்கலாமோ? ஒரு பெண்ணின் வாய்ப்பைவிட அன்ஸாயின் பட்டியலா பெரிது? தகெஓ ஒன்றும் கேட்கவில்லை. பொரியலைத் தொடாமல் அவள் எழுந்ததைப் பார்த்து, "மாத்தல் நிஜமாவே வந்துடுச்சா?" என்று மட்டும் கவலைப்பட்டார்.

பதினெட்டாம் தேதி வந்தது. கடைசி வகுப்பில் பிள்ளைகள் அவளைக் கரும்பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடினார்கள். பையன்கள் சுருதி தப்பினார்கள். பெண்கள் பாதியில் விசும்பலில் நின்றுவிட்டார்கள். எல்லாரும் எழுதிய வாழ்த்து அட்டையைக் கொடுத்தார்கள். 'உங்கள் பரீட்சைகளைத் தவிர மற்ற எல்லாம் பிடிக்கும்' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'புதுப் பள்ளியிலாவது சிரியுங்கள்' என்று இன்னொருத்தி. மிச்சியோ முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அசடு வழிய உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது, பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே கண் ஹொனாமியையே தேடியது. அவள் பாடவுமில்லை, அழவுமில்லை. ஜன்னலோரம் உம்மென்று நின்றாள்.

எல்லாரும் போன பிறகு அவள் வந்தாள். நான்காக மடித்த படிவத்தை மேசைமேல் வைத்தாள். பெயர் இருந்தது. அப்பாவின் சிவப்பு முத்திரையும் இருந்தது, கொஞ்சம் கோணலாக.

"உங்களுக்காக இல்ல."

"சரி."

"நீங்க வந்து பாக்கவும் வேண்டாம்."

"சரி."

ஹொனாமி ஒரு தடவை தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். மிச்சியோ கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுது தீர்த்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததில்லை.

இருபத்து நான்காம் தேதி விடுமுறைதான். ஆனால் ஆசிரியர்களுக்கு ஏது விடுமுறை? காலையில் மேசைகள் இடம் மாறின. மிச்சியோ ஜன்னல் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து கோப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் பெயர் வந்த குசகா எதிரே தன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே பனி விலகிய தரையில் ஒரு சைக்கிள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. கையில் சுருட்டிய பத்திரிகையோடு ஹொனாமி உள்ளே வந்தாள்.

"உங்க பேர் இல்ல."

"இருக்காது."

"மூணு தடவை பாத்தேன். ஆரம்பப் பள்ளிப் பட்டியலைக்கூட விடலை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எப்பலருந்து தெரியும்?"

"அஞ்சாம் தேதிலருந்து."

ஹொனாமி விரல் விட்டு எண்ணினாள். "அப்போ நாங்க பாடினப்போ?"

"தெரியும்."

"என்னை அந்தத் திட்டுத் திட்டினீங்களே, அப்போ?"

"அப்பவும் தெரியும்."

குசகா சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். ஹொனாமியின் முகம் சிவந்தது, உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று மிச்சியோ நினைத்த நேரத்தில் பக்கென்று சிரித்துவிட்டாள்.

"க்ளாஸ்ல எல்லாரும் கொலைவெறில இருக்காங்க. அந்த அட்டையை வாங்கிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பிச்சாங்க. அடுத்த வருஷம் திருப்பித் தருவாங்களாம்."

"தர முடியாது."

"நீங்க தர மாட்டீங்கன்னு நானும் சொல்லிட்டேன்."

மிச்சியோ கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அந்தப் படிவத்தையும் திருப்பிக் கேக்க வந்தியா?"

"அதை எதுக்குக் கேக்கணும்? அது உங்களுக்காகக் குடுத்தது இல்லையே." ஹொனாமி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "ஆனா ஒரு கஷ்டம். பேச்சை எழுதி முடிச்சுட்டேன். நீங்க போயிட்டீங்கன்னு நம்பி எழுதினது. இப்ப எல்லாம் வீண்."

இங்கிலீஷில் நான்கு பக்கம். பிழைகள் இருந்தன. மிச்சியோ சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். பாதியில் பேனாவை மறந்துவிட்டாள். போன வருஷம் ஜனவரியில் ஒரு நாள், பனிப்புயலுக்குப் பயந்து எல்லாரும் சீக்கிரம் கிளம்பிவிட்ட பிறகும், அந்தப் பத்து நிமிஷத்துக்காக டீச்சர் காத்திருந்தாராம். அவர் வகுப்பறைக் கணப்படுப்புப் பக்கம் திரும்பிக் குளிர்காய்ந்துகொண்டு நின்றாராம். முகம் தெரியாததால்தானோ என்னவோ, அன்றுதான் தனக்கு முதன்முதலாகக் குரல் முழுசாக வெளியே வந்ததாம். டீச்சர் திரும்பவில்லையாம். 'கேட்கிறது' என்று மட்டும் சொன்னாராம். 'அவர் அதை மறந்திருப்பார்' என்று எழுதியிருந்தாள். உண்மைதான். மிச்சியோ மறந்தே போயிருந்தாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருந்தன.

'இன்று அவர் இந்த அரங்கில் இல்லை. நான் பேசுகிறேன்.'

மிச்சியோ பேனாவை எடுத்து முதல் வரியை ஒரே கோடாக அடித்தாள்.

"ரெண்டாவதையும் அடிச்சுடுங்க டீச்சர்" என்றாள் ஹொனாமி. "அது இல்லாம இது மட்டும் எதுக்கு?"

மிச்சியோ பேனாவை மூடினாள்.

"அது இருக்கட்டும்" என்றாள்.